இன்ஸ்பெக்டருக்குப் பெயர் இல்லை

1962ஆம் ஆண்டின் கடைசியில் ரோம் நகரில் ஒரு படப்பிடிப்புக்கான ஏற்பாடுகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ். கதாநாயகன் டேவிட் நிவென். ஊருக்குச் சீமான், உள்ளுக்குள் நகைத் திருடன் என்ற இரட்டை வாழ்க்கை வாழ்கிற கவர்ச்சியான வேடம் அவருக்கு. படமே அவருக்காக எழுதப்பட்டது. அவரைத் துரத்திக்கொண்டு திரிகிற ஒரு பிரெஞ்சுப் போலீஸ்காரரும் கதையில் இருந்தார். அந்த வேடத்துக்கு ஒப்பந்தமாகியிருந்தவர் பீட்டர் உஸ்தினோவ். படப்பிடிப்பு தொடங்கும் தறுவாயில் அவர் விலகிக்கொண்டார். அவசரத்துக்கு லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட நடிகர், பீட்டர் செல்லர்ஸ்.

அந்தக் கடைசி நேர மாற்றம் நடக்காமல் போயிருந்தால், பிறகு பல ஆண்டுகள் சனிக்கிழமைக் காலைகளில் அமெரிக்கக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்த ஒரு கார்ட்டூன் பிறந்தே இருக்காது. ‘தி இன்ஸ்பெக்டர்’ என்பது அதன் பெயர். மொத்தம் 34 குறும்படங்கள், ஒவ்வொன்றும் ஆறேழு நிமிடம். துப்பறியப் போகுமிடமெல்லாம் வெடித்துச் சிதறி, கரி பூசிய முகத்தோடு திரும்பி வருகிற ஒரு பாரிஸ் போலீஸ் அதிகாரியின் கதைகள். ‘பிங்க் பேந்தர்’ என்றதும் அந்த இளஞ்சிவப்புச் சிறுத்தையையும் அதன் சாக்ஸபோன் இசையையும் நினைத்துக்கொள்கிறவர்களில் பலருக்கு, அதே பட்டறையில் அதற்குத் தம்பியாகப் பிறந்த இந்த மனிதரைத் தெரியாது. அவருடைய பிறப்பு சொல்லப்பட வேண்டிய கதை என்று நினைக்கிறேன். யாரும் திட்டமிட்டு அவரைப் படைக்கவில்லை. ஓரத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நடுவுக்கு நகர்ந்து வந்ததில் விளைந்தவர் அவர்.

செல்லர்ஸ் ரோமுக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது இன்ஸ்பெக்டர் க்ளூஸோ என்ற பெயரும் ஒரு துணை வேடமும்தான். அந்த ஆள் எப்படி இருப்பார் என்பதை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்த விதத்தைப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். அப்போது இங்கிலாந்தில் ‘கேப்டன் வெப்’ என்ற பெயரில் ஒரு தீப்பெட்டி விற்றுக்கொண்டிருந்தது. 1875இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக நீந்திக் கடந்த மாத்யூ வெப்பின் படம் அதன் மேல் இருக்கும். நீச்சல் உடையில், கைகளைக் கட்டிக்கொண்டு, அடர்ந்த மீசையோடு, உலகமே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற மிடுக்கில் நிற்கும் ஓர் உருவம். பயணத்தின்போது அந்தப் படத்தைப் பார்த்ததும் க்ளூஸோ கிடைத்துவிட்டார் என்பது செல்லர்ஸ் சொன்ன கதை. மீசையும் எடுத்துக்கொண்டார், அதற்குப் பின்னால் இருந்த மிடுக்கையும் எடுத்துக்கொண்டார்.

இந்த மிடுக்குதான் விஷயமே. தடுமாறி விழுகிற போலீஸ்காரர்கள் சினிமாவுக்குப் புதியவர்கள் அல்ல. மௌனப் படக் காலத்திலேயே கும்பல் கும்பலாக விழுந்திருக்கிறார்கள். க்ளூஸோ விழுவது வேறு மாதிரி. படத்தில் அவர் தோன்றும் முதல் காட்சியிலேயே அதைப் பார்க்கலாம். அலுவலகத்தில் ஒரு பெரிய உலக உருண்டை. குற்றவாளியைப் பிடித்தே தீர வேண்டும் என்று வீராவேசமாகப் பேசியபடி அதை ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார். பேச்சின் வேகத்தில், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் உருண்டையின் மேலேயே கையை ஊன்றுகிறார். ஆள் தரையில். அடுத்த கணம் எழுந்து, எதுவுமே நடக்காதது போலப் பேச்சைத் தொடர்கிறார். விழுந்ததை அவர் ஒப்புக்கொள்வதே இல்லை. தான் கோமாளி என்று தெரியாத மனிதர் அவர். தன் கடமையில் அவருக்கு இருக்கும் பற்று முழுக்க முழுக்க உண்மையானது. அதனால்தான் அவரைப் பார்த்துச் சிரிக்கிற நமக்கு அவர் மேல் வெறுப்பு வருவதில்லை.

படம் முடிந்தபோது நிவெனின் படம் செல்லர்ஸின் படமாகியிருந்தது. 1963 டிசம்பரில் இத்தாலியிலும், அடுத்த மார்ச்சில் அமெரிக்காவிலும் ‘தி பிங்க் பேந்தர்’ வெளியானது. பிங்க் பேந்தர் என்பது அந்தக் கதையில் ஒரு வைரத்தின் பெயர். உள்ளே உற்றுப் பார்த்தால் பாயும் சிறுத்தை போல ஒரு மாசு தெரியும். அவ்வளவுதான், கதைக்குள் சிறுத்தை எதுவும் கிடையாது.

சிறுத்தையைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் மறுகரையில் வேலையிழந்து நின்ற கார்ட்டூன்காரர்கள்.

பக்ஸ் பன்னியையும் டாஃபி வாத்தையும் உலகுக்குத் தந்த வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன் பட்டறை 1963இல் மூடப்பட்டது. திரையரங்குகளில் பெரிய படத்துக்கு முன்னால் குறும்படம் போடும் வழக்கம் தேய்ந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சிக்கு மலிவாகக் கார்ட்டூன் செய்துதரும் கம்பெனிகள் பெருகியிருந்தன. அந்தப் பட்டறையில் முப்பது ஆண்டுகளாக இயக்குநராக இருந்த ஃபிரிட்ஸ் ஃப்ரெலெங்கும், கடைசியில் அதை நிர்வகித்த டேவிட் டெபாட்டியும் சேர்ந்து சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள்: டெபாட்டி-ஃப்ரெலெங் என்டர்பிரைசஸ். மூடிய பட்டறையின் கட்டடத்தையே வார்னரிடம் வாடகைக்கு எடுத்தார்கள். பழைய மேசைகள், பழைய கருவிகள், பழைய சகாக்கள் சிலர்.

ஃப்ரெலெங்கைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போர்க்கி பன்றியை முதலில் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர். சில்வெஸ்டர் பூனையையும் ட்வீட்டி குருவியையும் ஜோடி சேர்த்தவரும் அவர்தான். அந்த ஜோடியின் முதல் படம் 1947க்கான ஆஸ்கரை வென்றது. அவர் இயக்கிய வேறு சில படங்களும் பிறகு வென்றன. ஆனால் அந்தக் காலத்து வழக்கப்படி சிலை தயாரிப்பாளரின் கைக்குப் போனது. கார்ட்டூனில் நகைச்சுவை என்பது நேரக் கணக்கு என்பதைக் கரைத்துக் குடித்தவர் ஃப்ரெலெங். இசைக்கான கோடு போட்ட தாளில் அசைவுகளைக் குறித்துவைப்பார். எந்தத் தாளத்தில் ஆள் திரும்ப வேண்டும், எத்தனை தாளம் சும்மா நிற்க வேண்டும், எதில் குண்டு வெடிக்க வேண்டும் என்று படம் வரையத் தொடங்கும் முன்பே அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் தொழிலே ஓய்ந்துபோன வேளையில் புதுக் கடை திறந்து வேலைக்காகக் காத்திருந்தார்.

வேலை எட்வர்ட்ஸிடமிருந்து வந்தது. தன் படத்தின் பெயர்கள் ஓடும் பகுதிக்கு ஒரு சிறுத்தை வேண்டும் என்று கேட்டார். பட்டறையில் கத்தை கத்தையாகச் சிறுத்தைகள் வரைந்தார்கள். ஹாலி பிராட் வரைந்த ஒல்லியான, நெடிய, பேசாத சிறுத்தையை எட்வர்ட்ஸ் தேர்ந்தெடுத்தார். ஹென்றி மான்சினி அதற்கு இசையமைத்தார். பிளாஸ் ஜான்சன் சாக்ஸபோன் வாசித்தார். கூத்தில் ராஜா வருகிறார் என்று அறிவிக்க வந்த கட்டியங்காரனே ராஜாவைவிட அதிகக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு போவதுண்டு. அதுதான் இங்கே நடந்தது. படத்தை விநியோகித்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் சிறுத்தையை வைத்துத் தனியாகக் குறும்படங்கள் எடுக்கச் சொன்னது. முதல் படமான ‘தி பிங்க் ஃபிங்க்’ 1964 டிசம்பரில் வந்தது, ஆஸ்கரும் வென்றது. இந்த முறை சிலை ஃப்ரெலெங்குக்கும் டெபாட்டிக்கும்.

இனி இன்ஸ்பெக்டர்.

‘தி பிங்க் பேந்தர்’ அமெரிக்காவில் வெளிவந்த மூன்றே மாதத்தில், 1964 ஜூனில், அடுத்த க்ளூஸோ படம் வந்துவிட்டது. ‘எ ஷாட் இன் த டார்க்’ என்று பெயர். அதுவும் க்ளூஸோவுக்காகத் தொடங்கிய படம் இல்லை. ஒரு மேடை நாடகத்தைத் தழுவியது. அதில் செல்லர்ஸ் நடிப்பதாக ஒப்பந்தம். திரைக்கதை அவருக்குப் பிடிக்கவில்லை. எட்வர்ட்ஸை அழைத்தார்கள். அவரும் வில்லியம் பீட்டர் பிளாட்டியும் (பிற்பாடு ‘தி எக்ஸார்ஸிஸ்ட்’ எழுதி உலகத்தைக் கதிகலங்க வைத்த அதே பிளாட்டிதான்) கதையைப் பிரித்துப் போட்டு, நடுவில் க்ளூஸோவைத் தூக்கி வைத்தார்கள். க்ளூஸோவின் பிரெஞ்சு உச்சரிப்பு காது கூசும் அளவுக்கு ஏறியது இதில்தான். வீட்டுக்குள் ஒளிந்திருந்து திடீரென்று பாய்கிற வேலைக்காரர் கேட்டோவும் இதில்தான் முதலில் வருகிறார்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மேலதிகாரி டிரைஃபஸ். ஹெர்பர்ட் லோம் நடித்தார். க்ளூஸோவால் இவருக்கு ஒரு கண் துடிக்கத் தொடங்கும், பிறகு கை நடுங்கும், பிறகு புத்தியே பேதலிக்கும். மேசை மேலிருக்கும் சுருட்டு வெட்டும் கருவியில், க்ளூஸோவைப் பற்றிய எரிச்சலில், தன் கட்டைவிரலையே வெட்டிக்கொள்கிற காட்சி இருக்கிறது. கோமாளிப் போலீஸ்காரரின் கதைக்கு ஒரு மேலதிகாரி எவ்வளவு அவசியம் என்பதை அந்தக் காட்சி காட்டிவிட்டது. விழுகிறவர் அசராமல் எழுந்துகொள்கிறார். அடி அவருக்கு மேலே இருப்பவருக்குப் படுகிறது. சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது.

இந்த இரண்டாவது படத்தில் வைரம் கிடையாது. வைரம் இல்லாத படத்தில் சிறுத்தைக்கும் வேலை இல்லை. ஆனால் பெயர்கள் ஓடும் பகுதி கார்ட்டூனாகத்தான் இருக்க வேண்டும்; முதல் படத்தின் வெற்றி அப்படி ஒரு எதிர்பார்ப்பை உண்டாக்கியிருந்தது. டெபாட்டி-ஃப்ரெலெங் பட்டறை இந்த முறை துப்பறிபவரையே வரைந்தது. இருட்டில் தட்டுத் தடுமாறித் திரியும் ஒரு சித்திர இன்ஸ்பெக்டர். பின்னணியில் மான்சினியின் இன்னொரு இசை. சிறுத்தையின் இசையைப் போலப் பதுங்கிப் பதுங்கி வராமல் திமிராக நடந்துவரும் மெட்டு. சில நிமிடங்களே ஓடும் அந்தப் பகுதியில் நம் ஆளின் உடல் மொழி முழுசாக வந்துவிட்டது. மான்சினியின் அந்த இசையையே பிறகு ‘தி இன்ஸ்பெக்டர்’ தொடரின் முகப்பிசையாகவும் எடுத்துக்கொண்டார்கள்.

1965 டிசம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளில் ‘தண்டர்பால்’ வெளியானது. ஷான் கானரி நடித்த ஜேம்ஸ் பாண்ட் படம். அதுவும் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் விநியோகம்தான். அந்தப் படத்துக்கு முன்னால் திரையிடப்பட்டது ‘தி கிரேட் டி கால் ஸ்டோன் ஆபரேஷன்’ என்ற குறும்படம். ‘தி இன்ஸ்பெக்டர்’ தொடரின் முதல் படம். டி கால் என்ற விலைமதிப்பற்ற கல்லைக் காவல் காக்கும் பொறுப்பு இன்ஸ்பெக்டருக்கு. அதைத் தூக்கிக்கொண்டு போக வரும் திருடர்கள் மட்ஸோரைலி சகோதரர்கள், ஒட்டிப் பிறந்த பல தலைத் திருட்டுக் கூட்டம். பிழையே செய்யாத ஓர் உளவாளியைப் பார்க்க வந்து உட்கார்ந்த கூட்டத்துக்கு முன்னால், பிழையைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒரு போலீஸ்காரரின் அறிமுகம். யாரோ யோசித்து வைத்த பொருத்தம் போலவே இருக்கிறது.

தொடர் முழுக்க அவர் வெறும் ‘இன்ஸ்பெக்டர்’தான். க்ளூஸோ என்ற பெயர் ஒரு படத்திலும் இல்லை. அவருடைய மேலதிகாரி வெறும் ‘கமிஷனர்’. டிரைஃபஸின் நரம்புத் தளர்ச்சியும் ஆத்திரமும் அப்படியே இருக்கின்றன, பெயர் மட்டும் இல்லை. பெயரை இழந்ததில் ஒரு லாபமும் இருந்தது. செல்லர்ஸைப் போலி செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது. குரல் கொடுத்த பாட் ஹாரிங்டன், தொலைக்காட்சியில் குயிடோ பன்சீனி என்ற இத்தாலியப் பாத்திரமாகப் பேசிப் பேர் வாங்கியவர். அவர் இன்ஸ்பெக்டருக்குத் தனக்கென்று ஒரு குரலைக் கொடுத்தார். கொஞ்சம் மெத்தனம், கொஞ்சம் பெருமிதம், வெடிகுண்டு கையில் இருக்கும்போதும் பதறாத நிதானம். கமிஷனருக்குக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் பால் ஃப்ரீஸ்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் சார்ஜென்ட் டூடூ. ஸ்பெயின்காரர்; குள்ளம்; எதற்கும் அவசரப்படாதவர். எந்தக் கட்டளைக்கும் ஸ்பானிய மொழியில் ஆமாம் போடுவார். பிரெஞ்சில் சொல் என்று இன்ஸ்பெக்டர் திருத்துவார். சரி என்று டூடூ தலையாட்டுவார், அதையும் ஸ்பானியத்திலேயே சொல்லி. இந்த ஒரே வேடிக்கை படத்துக்குப் படம் வரும், குழந்தைகள் அதற்காகவே காத்திருப்பார்கள். டூடூவுக்கும் குரல் ஹாரிங்டன்தான். அதட்டுகிறவரும் அவரே, அதட்டல் வாங்குகிறவரும் அவரே. இதை அறிந்துகொண்டு அந்த உரையாடல்களைக் கேட்டால் வியப்பு இரண்டு மடங்காகும். இரண்டு குரலும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல், ஒருவர் முடிக்கும் முன் மற்றவர் தொடங்குவது போல ஓடும். அயல்நாட்டு உச்சரிப்புகளை வைத்துச் சிரிக்கவைப்பது இன்றைக்கு நெருடலாம், அது நியாயமும்கூட. ஆனாலும் இந்த இருவரில் காரியம் தெரிந்தவர் டூடூதான் என்பதைத் தொடர் ஒருபோதும் மறைக்கவில்லை. திருடன் பிடிபட்டால் பெரும்பாலும் இவருடைய புண்ணியத்தில்தான்.

குறைவான பணத்தில் எடுத்த படங்கள் இவை. பழைய வார்னர் படங்களின் வழவழப்பான அசைவை இங்கே தேடக் கூடாது. பின்னணிகள் தட்டையான வண்ணப் பரப்புகள், மேலே சில கோடுகள், அதுவே பாரிஸ். முகம் அசையாமல் நிற்க, வாய் மட்டும் அசையும் நீண்ட காட்சிகள் உண்டு. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அசையாமல் நிற்பது இந்தப் பாத்திரத்தின் இயல்புக்கே பொருந்திவிட்டது. குண்டு வெடிக்கிறது. புகை விலகுகிறது. இன்ஸ்பெக்டர் அதே இடத்தில் அதே விறைப்போடு நிற்கிறார். கோட்டு கந்தல், முகம் கரி, கண்கள் மட்டும் மெதுவாக ஒரு முறை மூடித் திறக்கின்றன. நிறைய அசைந்திருந்தால் அந்தச் சிரிப்பு கெட்டிருக்கும். எத்தனை தாளம் சும்மா நிற்க வேண்டும் என்ற ஃப்ரெலெங்கின் பழைய கணக்கு பணப் பற்றாக்குறையை ஈடுகட்டியது. அவருக்குப் பின் ஜெரி சினிக்கியும் வார்னரிலிருந்து வந்த ராபர்ட் மெக்கிம்ஸனும் பல படங்களை இயக்கினார்கள். அந்தக் கணக்கு அவர்களுக்கும் கைவந்திருந்தது.

ஒரே ஒரு படம் பார்க்க முடியுமென்றால் நான் சொல்வது ‘லே கொயட் ஸ்குவாட்’. கமிஷனருக்கு நரம்புத் தளர்ச்சி முற்றிவிடுகிறது. முழு அமைதி வேண்டும், சின்னச் சத்தம்கூடக் கூடாது என்கிறார் மருத்துவர். அந்த அமைதியைக் காக்கும் பணி யாருக்கு? இன்ஸ்பெக்டருக்கு. சத்தம் வரும் இடங்களையெல்லாம் அவர் அடைக்க அடைக்க, அடைக்கும் முயற்சியே அதைவிடப் பெரிய சத்தமாகிறது. இதில் திருடன் இல்லை, வைரம் இல்லை, துரத்தல் இல்லை. ஒருவர் மேல் உண்மையான அக்கறையோடு செய்யும் காரியமே அவரைக் கொல்லாமல் கொல்கிறது. டிரைஃபஸ் என்ற பாத்திரத்தின் சாரத்தை ஆறு நிமிடத்தில் பிழிந்து கொடுத்த படம் இது. செல்லர்ஸின் படங்களுக்கும் இந்தத் தொடருக்கும் உள்ள வேறுபாடும் இதில் தெளிவாகத் தெரியும். க்ளூஸோ தன் கண்மூடித்தனத்தால் விழுகிறார். கார்ட்டூன் இன்ஸ்பெக்டர் அவ்வளவு முட்டாள் இல்லை. பல வேளைகளில் அவர் செய்வது சரியான காரியம். பொருள்களும் நேரமும் விதியும் அவருக்கு எதிராக நிற்கின்றன. க்ளூஸோவுக்காக நாம் சிரிக்கிறோம். இவருக்காகக் கொஞ்சம் வருத்தமும் படுகிறோம். குழந்தைகள் இவரோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். பெரியவர்கள் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்யப் போய்த் திட்டு வாங்குவது அவர்கள் தினமும் அனுபவிப்பது.

குழந்தைகளுக்கு அவர் உரியவரானது 1969இல். அந்த ஆண்டு மே மாதத்தோடு அவருடைய திரையரங்குக் குறும்படங்கள் நின்றன. செப்டம்பர் 6ஆம் தேதி என்பிசி தொலைக்காட்சியில் ‘தி பிங்க் பேந்தர் ஷோ’ தொடங்கியது. சனிக்கிழமைக் காலை, அமெரிக்கக் குழந்தைகள் படுக்கையிலிருந்து நேராகத் தொலைக்காட்சிக்கு வரும் நேரம். இரண்டு சிறுத்தைப் படங்கள், நடுவில் ஒரு இன்ஸ்பெக்டர் படம். பேசாத சிறுத்தைக்கும் பேசியே கெடும் இன்ஸ்பெக்டருக்கும் பொருத்தம் அபாரம். ஒன்றுதான் உறுத்தல். சிரிப்பொலியைப் பதிவுசெய்து படங்களின் மேல் ஒட்டினார்கள். நிசப்தத்தை அளந்து அளந்து கட்டிய படங்களில், அந்த நிசப்தத்தின் மேல் முகம் தெரியாத கூட்டம் சிரித்தது. அந்தப் பதிப்பில்தான் ஒரு தலைமுறை முழுக்க இவற்றைப் பார்த்தது. சிரிப்பொலி இல்லாத மூலப் பதிப்பைப் பார்க்கக் கிடைத்தால் அதையே பாருங்கள். வேறு படம் போல இருக்கும்.

இவருக்கு வாரிசும் உண்டு, அதையொட்டி ஒரு தகராறும் உண்டு. 1983இல் ‘இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்’ என்ற தொடர் வந்தது. தொப்பிக்குள்ளிருந்து ஹெலிகாப்டர் விசிறி முளைக்கும் தடுமாற்றத் துப்பறிவாளர். அவருக்கும் ஒரு மேலதிகாரி, அந்த மேலதிகாரியின் கையிலும் எப்போதும் ஏதோ ஒன்று வெடிக்கும். மாதிரிப் படம் தயாரானபோது கேட்ஜெட்டுக்கு மீசை இருந்தது. அப்போது பிங்க் பேந்தர் உரிமைகள் எம்ஜிஎம் வசம் இருந்தன. டெபாட்டி-ஃப்ரெலெங்கின் இன்ஸ்பெக்டரை அது நெருங்கிவருகிறது என்று ஆட்சேபம் எழுந்தது. மீசையை எடுத்துவிட்டுத் தொடரை எடுத்தார்கள். முடித்துவிட்ட மாதிரிப் படத்தை முழுக்கத் திரும்ப வரைய முடியாது. எனவே மீசையோடே அதை ஒளிபரப்பினார்கள். அது மாறுவேடத்துக்காக ஒட்டிய மீசை என்று கேட்ஜெட் விளக்கம் சொல்வதாக ஒரு வசனத்தை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள்.